தண்ணீர் என்று கத்தியவன்

வாரம் 1: வாயைத் திறந்தால் தூக்கு

1586, செப்டம்பர் 10. ரோம் நகரில் புனித பேதுரு பேராலயத்தின் முன்திடல். பேராலயத்தின் குவிமாடம் இன்னும் கட்டி முடியவில்லை. திடல் கொள்ளாத கூட்டம். ஆனால் ஓர் இருமல் சத்தம்கூட இல்லை.

போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் உத்தரவு போட்டிருந்தார். வேலை முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. மீறினால் உயிர் போகும். இது வெறும் மிரட்டல் இல்லை என்று காட்டத் திடலின் ஓரத்தில் தூக்குமரமும் தயாராக நின்றது என்பார்கள். எக்காளம் ஊதினால் இழுக்க வேண்டும், மணி அடித்தால் நிறுத்த வேண்டும். அன்றைக்கு அந்த இரண்டு சத்தத்துக்குத்தான் அனுமதி.

இழுக்க வேண்டியது ஒரே கல். 25 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல் எடை. எகிப்திலிருந்து கலிகுலா மன்னன் காலத்தில் கப்பலேறி வந்த தூண் அது. பேராலயத்தின் பக்கவாட்டில் பல நூற்றாண்டுகளாகக் கேட்பாரற்று நின்றதைச் சுமார் 250 மீட்டர் நகர்த்திக் கொண்டுவந்து முன்வாசலில் நிறுத்த வேண்டும் என்பது போப்பின் ஆசை. பொறுப்பேற்ற பொறியாளரின் பெயர் தொமெனிக்கோ பொந்தானா. பொந்தானா என்றால் நீரூற்று. நம் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஏறக்குறைய 900 ஆட்கள். நாற்பதுக்கு மேற்பட்ட திருகு உருளைகள். அவற்றைச் சுற்றும் குதிரைகள். சணல் முறுக்கிய வடங்கள். எக்காளம் ஊதியது. கல்லின் தலை மெல்ல மேலே வந்தது. நம்மூரில் தேர் நிலையை விட்டு அசையும்போது வடம் முனகுமே, அந்த முனகலை நூறு மடங்காக்கிக் கொள்ளுங்கள்.

பாதிக்கு மேல் நிமிர்ந்த நிலையில் வடங்கள் நெகிழத் தொடங்கின. உரசலில் சூடேறி, சில இடங்களில் புகையும் வந்தது. இன்னும் சிறிது நேரம் போனால் முதல் வடம் அறும். அதன் சுமை அடுத்த வடத்தில் விழும். பிறகு கீழே நிற்பவர்கள் மேல் கல்லே விழும். பொந்தானாவின் கையில் இருந்தது மணி மட்டும்தான். மணி அடித்தால் இழுப்பு நிற்கும். வடம் நெகிழ்வது நிற்குமா?

அந்த நேரத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. “வடத்துக்குத் தண்ணீர்!”

கத்தியவன் ஒரு மாலுமி. வடமேற்குக் கடற்கரையில் உள்ள சான்ரெமோ ஊர்க்காரன். பெயர் பெனெதெத்தோ பிரெஸ்கா. கப்பலில் பாய்மரக் கயிற்றோடு வாழ்ந்தவனுக்கு, மேடையில் நின்ற பொறியாளர்களுக்குப் பிடிபடாத ஒன்று தெரிந்திருந்தது. சணல் நார் தண்ணீரைக் குடித்தால் பருக்கும். முறுக்கிய கயிறு குறுக்கே பருத்தால் நீளத்தில் குறுகும். மழையில் ஊறிய கிணற்றுக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்து நகம் பெயர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுவிஸ் காவலர்கள் பாய்ந்து அவனைப் பிடித்தார்கள். அதே வேகத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் வடங்களில் கொட்டியது. வடங்கள் இறுகின, கல் நிமிர்ந்தது. இன்றும் ரோமுக்குப் போகிறவர்கள் அதன் அடியில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். போப் அந்த மாலுமியைத் தூக்கில் போடவில்லை. குருத்து ஞாயிறுக்கு வத்திக்கானுக்குப் பனங்குருத்து அனுப்பும் உரிமையை அவன் குடும்பத்துக்கே எழுதிக் கொடுத்தார்.

கதை இது. இனி என் பங்குக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை. பொந்தானா இந்த வேலையைப் பற்றி 1590-ல் படங்களோடு ஒரு பெரிய புத்தகமே போட்டார். உருளை எத்தனை, ஆள் எத்தனை என்று எல்லாக் கணக்கும் அதில் உண்டு. இந்தக் கூச்சல் இல்லை. தன் மேடையில் இன்னொருவன் பெயர் வாங்கியதை எந்தப் பொறியாளர் எழுதுவார் என்றும் கேட்கலாம். நடக்காததை எப்படி எழுதுவார் என்றும் கேட்கலாம். சான்ரெமோக்காரர்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. ஊரில் பிரெஸ்கா பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது.

என்னைப் பிடித்துக்கொண்டது கூச்சல் நடந்ததா இல்லையா என்பது அல்ல, கூச்சலில் இருந்த சொல்.

இத்தாலிய மொழியில் தண்ணீருக்கு ‘அக்க்வா’ என்று பெயர். ரோமில் அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லும் சான்ரெமோக்காரர்கள், பிரெஸ்கா ‘அக்க்வா’ என்று கத்தியதாகச் சொல்வதில்லை. உயிர் போகிற அவசரத்தில் அவன் வாயில் வந்தது ‘அய்கா’.

அய்கா, அக்க்வா. ஒரே நாட்டின் இரண்டு ஊர்கள், தாகத்துக்குக் கேட்கும் சொல் வேறு வேறு. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம் என்று சொன்னால் நம்புவீர்களா? அந்தத் தாயைப் பார்க்க 1,049 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். அங்கே ரோமின் மதிலுக்கு வெளியே ஓர் அரசன் நின்றுகொண்டு, நகரத்துக்குத் தண்ணீர் வரும் வழிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறான்.

வாரம் 2: சிவப்பு மை

கி.பி. 537. ரோமை முற்றுகையிட்டவன் கோத் இனத்து அரசன் விட்டிகெஸ். உள்ளே நகரத்தைக் காத்தவர் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த தளபதி பெலிசாரியஸ்.

வெட்டப்பட்டவை சாதாரண வாய்க்கால்கள் இல்லை. மலையிலிருந்து நிலத்தடியிலும், வளைவு வளைவான கல் பாலங்களின் மேலும் தண்ணீரைச் சுமந்து வந்தவை. கி.மு. 312-ல் முதலாவதைக் கட்டினார்கள். பெயர் அக்வா அப்பியா. கி.மு. 144-ல் அக்வா மார்சியா. கி.மு. 19-ல் அக்வா விர்கோ. பெரும்பாலான பெயர்கள் ‘அக்வா’ என்றே தொடங்கும். அக்வா என்றால் லத்தீனில் தண்ணீர். நாம் தேடிவந்த தாய் இவள்தான். கி.பி. 97-ல் ரோமின் தண்ணீர் வாரியத்தைக் கவனித்த பிரன்டைனஸ் என்ற அதிகாரி, தன் காலத்தில் ஓடிய ஒன்பது அக்வாக்களையும் கணக்கெடுத்து எழுதிவிட்டு, வேலைக்கு உதவாத பிரமிடுகளை இவற்றோடு வைத்துப் பேச முடியுமா என்று சீண்டியும் வைத்தார். பயன் தரும் வேலை செய்பவர்களுக்கு உரிய திமிர் அது. எனக்குப் பிடிக்கும்.

விட்டிகெஸ் தண்ணீரை நிறுத்தினான். குளியல் மண்டபங்கள் காய்ந்தன. அதைவிட மோசம், ஜனிகுலம் குன்றில் நீர் விசையில் சுழன்ற மாவு ஆலைகள் நின்றன. பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் படகுகளை இரண்டிரண்டாகக் கட்டி, நடுவில் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஆற்றின் ஓட்டத்திலேயே மாவு அரைத்தார். வெளியே எதிரி வெட்டிய கால்வாய்களின் வாயை உள்ளே இவரே கல் வைத்து அடைக்கவும் சொன்னார். ஏன்? முந்தைய ஆண்டு நேப்பிள்ஸ் நகரை இவர் பிடித்ததே, வறண்ட கால்வாய்க்குள் வீரர்களை ஊர்ந்துபோகச் சொல்லித்தான். தன் தந்திரம் தன் மேலேயே திரும்பும் என்று கள்ளனுக்குத் தெரியாதா?

கல்லில் ஓடிய அக்வா அன்று அறுந்தது. வாயில் ஓடிய அக்வாவை வெட்ட யாராலும் முடியவில்லை. ஆனால் அது அப்படியேவும் இல்லை. கோத்துகளுக்கும் அதில் பங்கில்லை. மக்களே அதை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குச் சாட்சி யார்? ஒரு வாத்தியார்.

பெயர் தெரியாத அந்த மனிதர் ஒரு பட்டியல் போட்டார். இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே என்று 227 ஜோடிகள். புரோபஸ் என்ற இலக்கண ஆசிரியரின் பெயரில் வழங்கும் நூலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்ததால், ‘புரோபஸின் பின்னிணைப்பு’ என்று அதைச் சொல்கிறார்கள். பட்டியல் எந்த நூற்றாண்டுக்காரரின் கை என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நமக்குக் கிடைத்த தோல் சுவடி கி.பி. 700-ஐ ஒட்டி வட இத்தாலியின் பொபியோ மடத்தில் எழுதப்பட்டது. வியன்னாவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இப்போது நேப்பிள்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

அந்த 227-ல் ஒன்று நம் சொல். ‘அக்வா’ சரி, ‘அக்க்வா’ தப்பு என்கிறார் வாத்தியார். லத்தீனில் ஒற்றைக் ககரம். தெருவில் அது இரட்டித்துவிட்டது. ‘பத்து’ என்னும்போது நாக்கு பல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நிற்கிறதே, அப்படி அண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் வரும் வகரம்தான் இழுத்து நிறுத்துகிறது. மாணவர்கள் எழுத்திலும் அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாத்தியாருக்கு ஏன் கோபம் வருகிறது? தப்பு நடக்காத இடத்தில் யாரும் தடை போடுவதில்லை. ‘தண்ணி’ என்று எழுதாதே என்று நம் தமிழய்யா சுழித்தாரே, அந்தச் சுழிப்பு ஒன்றே போதும், ஊரெல்லாம் தண்ணி என்றுதான் பேசுகிறது என்று நாளைய ஆராய்ச்சியாளர் கண்டுபிடிக்க.

பட்டியலில் இன்னும் மேலே போனால் சூடு, குளிர் இரண்டும் வருகின்றன. சூடானதைக் ‘கலிதா’ என்று சொல், ‘கல்தா’ என்று விழுங்காதே. குளிர்ந்ததை ‘பிரிகிதா’ என்று சொல், நடு உயிரைத் தின்றுவிட்டு ‘பிரிக்தா’ என்னாதே.

இப்போது ரோமில் ஏதோ ஒரு விடுதியின் குளியலறைக்குள் வாருங்கள். இரண்டு குழாய். சுடுதண்ணீருக்கு இத்தாலியில் அக்க்வா கல்தா என்று பெயர். பச்சைத் தண்ணீருக்கு அக்க்வா பிரெத்தா. வாத்தியார் தப்பு என்று அடித்த ‘கல்தா’ எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கிறது. ‘பிரிக்தா’ இன்னும் தேய்ந்து ‘பிரெத்தா’ ஆகிவிட்டது. ஒரு வாளி தண்ணீரை நிரப்புவதற்குள் மூன்று தப்பு. (போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குழாயில் ‘சி’ என்ற எழுத்தைப் பார்த்து ஆங்கில நினைப்பில் குளிர்நீர் என்று திறந்துவிடாதீர்கள். அது கல்தாவின் முதலெழுத்து. தோல் உரியும்.)

ஆக, வாத்தியார் தோற்றார். தோற்றதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இன்றைய இத்தாலியத் தொடக்கப்பள்ளியில் சொல்வதெழுதுதல் வைத்தால் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழைகளில் ஒன்று எது தெரியுமா? தண்ணீர் என்ற சொல்லில் ‘சி’யை விட்டுவிட்டு, வெறும் ‘கியூ’ போட்டு ‘அக்வா’ என்று எழுதுவது. டீச்சர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அக்க்வா என்று திருத்தி எழுதச் சொல்கிறார். அந்தப் பழைய வாத்தியார் சரி என்று பட்டியலில் போட்ட அதே எழுத்து!

இத்தாலி ஒரு ககரத்தைச் சேர்த்தது, சரி. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வடக்கே போனால் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. அங்கே அதே சொல்லின் மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசியில் ககரமும் இல்லை, வகரமும் இல்லை. பாரிஸ்காரர் தண்ணீர் கேட்கும்போது வாயிலிருந்து வருவது ஒரே ஓர் உயிரெழுத்து. மெய்களை விழுங்கியது யார்?

வாரம் 3: செத்த தண்ணீர்

பிரெஞ்சில் தண்ணீர் ‘ஓ’. அவ்வளவுதான். எழுதும்போது மூன்று எழுத்து: ஈ, ஏ, யூ. அந்த மூன்றில் ஒன்றின் ஒலிகூட வாயில் கிடையாது. பன்மையில் நான்காவதாக ஓர் ‘எக்ஸ்’ வந்து சேரும், அதற்கும் சத்தமில்லை. அக்வாவுக்கும் ஓவுக்கும் என்ன உறவு என்று கேட்பவரிடம், தாயும் மகளும் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள்.

மெய்களை விழுங்கிய குற்றவாளியைத் தேடி நீங்கள் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வாயில்தான் இருக்கிறான். ‘காகம்’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ககரம் அழுத்தமாக விழுகிறது. இரண்டாவது? இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு குழைந்துவிடுகிறது. ஆனால் ‘பக்கம்’ என்றால் குழைவதில்லை, இரட்டித்ததால் தப்பித்தது. இத்தாலியின் அக்க்வா ‘பக்கம்’ கட்சி. இரட்டித்தது, இறுகிப் பிழைத்தது. மேற்கே ககரம் ஒற்றையாகவே நின்றது. ‘காகம்’ போலக் குழைந்தது.

இரண்டு கட்சிக்கும் எல்லைக்கோடுகூடப் போட்டு வைத்திருக்கிறார்கள் மொழியியலாளர்கள். இத்தாலியின் மேற்குக் கரையில் லா ஸ்பெசியா, கிழக்குக் கரையில் ரிமினி, இரண்டையும் இணைக்கும் கோடு. அதற்குத் தெற்கே அழுத்தம், வடக்கிலும் மேற்கிலும் குழைவு. மாலுமி பிரெஸ்காவின் சான்ரெமோ கோட்டுக்கு அந்தப் பக்கம். ரோம் இந்தப் பக்கம். முதல் வாரத்துக் கூச்சல் ஏன் ‘அய்கா’ என்று கேட்டது என்பதற்குப் பதில் இதுதான்.

குழைந்தது எவ்வளவு தூரம் என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு. ஸ்பெயினில் அகுவா. தமிழில் எழுதிப் படித்தால் ஏறக்குறைய அவர்கள் சொல்வது போலவே வருகிறது. இந்த அகுவா பெண்பால் சொல். ஆனால் ஒருமையில் முன்னால் ‘எல்’ போட்டு ‘எல் அகுவா’ என்பார்கள்; பார்த்தால் ஆண்பால் போலிருக்கும். ஸ்பானிஷ் படிப்பவர்கள் எல்லாரும் ஒரு நாள் இதில் வழுக்கி விழுவார்கள். உண்மையில் அது ஆண்பால் இல்லை. பழைய ‘எலா அகுவா’வில் இரண்டு அகரம் மோதி ஒன்று உதிர்ந்தபின் மிச்சமானது. போர்ச்சுகீசியத்திலும் ஆகுவாதான். நமக்கு ஜன்னலும் அலமாரியும் சாவியும் தந்த அந்தக் கப்பல்காரர்கள் ஆகுவாவையும் கொண்டுவந்தார்கள். வாங்க ஆளில்லை, நம்மிடம் சரக்கு இருந்தது.

சுவிஸ் மலைகளில் ரோமான்ஷ் பேசுபவர்கள் ககரத்தை முழுக்க விட்டுவிட்டு ‘அவா’ என்கிறார்கள். வட பிரான்சும் அந்தப் படிக்கு வந்து பார்த்தது, அங்கேயே தங்கவில்லை. பழைய பிரெஞ்சில் ‘ஏவெ’, ‘யாவெ’, ‘எயாவெ’ என்று பல விதமாக எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்துகள் ஒரு காலத்தில் ஒவ்வொன்றும் ஒலித்தவைதான். பிறகு எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து ‘ஓ’ ஆயிற்று. எழுத்து பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. கி.பி. 813-லேயே தூர் நகரில் கூடிய ஆயர்கள், மறையுரையைப் பாமரரின் ரோமானியப் பேச்சில் சொல்லுங்கள் என்று பாதிரியார்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. லத்தீன் கேட்ட மக்கள் திருதிருவென்று விழித்திருக்கிறார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்?

தொலைந்த வகரத்தின் ஒரு துண்டு மட்டும் பிரெஞ்சு வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘எவியே’. தண்ணீரைச் சேர்ந்தது என்று பொருள்பட்ட லத்தீன் சொல்லின் வாரிசு. தினமும் அதன் முன்னால் நிற்பவர்களில் எத்தனை பேர் அதை ‘ஓ’வின் அக்கா என்று கண்டிருப்பார்கள்?

தெற்குப் பிரான்ஸ் வேறு உலகம். அங்கே ஆக்சிதான் மொழி. பிரெஸ்காவின் அதே அய்கா. கடலோரச் சதுப்பில் ஒரு மதில் சூழ்ந்த ஊர் இருக்கிறது. ஒன்பதாம் லூயி மன்னன் 1248-ல் சிலுவைப்போருக்குக் கப்பலேறிய துறைமுகம். இரண்டாம் முறை 1270-ல் போனவன் திரும்பவே இல்லை. ஊரின் பெயர் எய்க்மோர்த். ‘எய்க்’கில் இருப்பது நம் அய்கா. ஓட்டமில்லாமல் தேங்கி நிற்கும் நீர். சொல்லுக்குச் சொல் எடுத்தால், செத்த தண்ணீர்.

அந்த ஊரைச் சுற்றி உப்பளங்கள். 1893 ஆகஸ்ட் மாதம். உப்பு வாரும் பருவம். பிரெஞ்சுத் தொழிலாளிகளும், வடக்கு இத்தாலியிலிருந்து கூலிக்கு வந்தவர்களும் ஒரே பாத்தியில் வேலை. கூலி அளவுக்கு ஏற்ப. ஆகவே வேகமாக வாருபவனுக்கும் மெதுவாக வாருபவனுக்கும் உரசல். உப்பளத்தில் எங்கு பார்த்தாலும் தண்ணீர். குடிக்க ஒரு வாய் கிடையாது. நல்ல தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவந்து தொட்டியில் வைத்திருப்பார்கள். ஆகஸ்ட் 16 அன்று இத்தாலியன் ஒருவன் தன் அழுக்குத் துணியை அந்தக் குடிநீரில் நனைத்துவிட்டான் என்று சண்டை பிடித்துக்கொண்டது.

மறுநாள் தடியும் மண்வெட்டியும் தூக்கிய கும்பல் இத்தாலியர்களை வேட்டையாடியது. குறைந்தது எட்டுப் பேர் செத்தார்கள், எல்லாரும் இத்தாலியர்கள். இன்னும் கூடுதல் என்று அப்போதே பேச்சு. வழக்கு ஆங்குலேம் நகரில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை. அதற்கு முன்பே, கொலைச் செய்தி போய்ச் சேர்ந்ததும், ரோமில் பிரெஞ்சுத் தூதரகத்தின் முன் கூட்டம் கொதித்திருந்தது.

அந்தத் தொட்டியின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஒரே தாய்ச்சொல்லைத்தான் இரண்டு விதமாகக் குழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லி நான் பெருமூச்சு விடப்போவதில்லை. சகோதர மொழி பேசுவது கூலிச் சண்டையை எந்த ஊரிலும் நிறுத்தியதில்லை.

மேற்கை முடித்துவிட்டோம். கிழக்கே ஒரு பிள்ளை மிச்சம். அவளைப் பார்த்தால் தமிழ் வாசகர் துள்ளிக் குதித்துவிடுவார். காரணம், ருமேனியாவில் தண்ணீருக்குப் பெயர் ‘அப’. நம் ஐம்பூதக் கணக்கில் பிருதிவிக்கு அடுத்து என்ன வருகிறது? அப்பு! திருவானைக்காவல் அப்புத் தலம்! ருமேனியாவுக்கும் நமக்கும் தொப்புள்கொடியா?

வாரம் 4: பல் இல்லாத சாட்சி

போன வாரம் துள்ளிக் குதித்தவர்கள் தயவுசெய்து கீழே இறங்குங்கள்.

அப்பு தமிழுக்கு வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே ‘அப்’. பாரசீகத்தில் ‘ஆப்’, ஐந்து ஆறு ஓடும் நிலம் பஞ்சாப் ஆனது அதனால்தான். ருமேனியத்தின் ‘அப’ இவற்றோடு ஒட்டுவது போலத் தோன்றும். தோற்றம் மட்டும்தான்.

கி.பி. 106-ல் ரோம மன்னன் டிராஜன், இன்றைய ருமேனியா இருக்கும் டேசியாவை வென்றான். அந்த நூற்றாண்டுகளில் ரோமப் படையும் குடியேறிகளும் கொண்டுபோன லத்தீன்தான் ருமேனியத்துக்கு விதை. அவர்கள் கொண்டுபோனது ‘அக்வா’வைத்தான். இந்த ‘க்வ’ ஒரு விசித்திரமான ஒலி. நாக்கின் பின்பகுதி ககரத்தைப் பிடிக்கும்போதே உதடு குவிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை. இத்தாலியில் நாக்கு ஜெயித்தது. பிரான்சில் இருவரும் களைத்து விழுந்தார்கள். ருமேனியாவில் உதடு ஜெயித்தது. உதட்டின் எழுத்து பகரம்.

இது ஒரு சொல்லின் விபத்து இல்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமே? நான்குக்கு லத்தீனில் ‘க்வத்துவோர்’. ருமேனியத்தில் ‘பத்ரு’. பெண் குதிரைக்கு லத்தீனில் ‘எக்வா’. ருமேனியத்தில் ‘யாப’. அகரத்துக்கு முன் ‘க்வ’ இருந்த சொற்கள் பலவற்றில் இப்படிப் பகரம். இப்போது வடமொழியை எடுங்கள். நான்கு ‘சதுர்’, நம் சதுரத்தில் இருப்பது. குதிரை ‘அசுவம்’. இரண்டிலும் பகரம் இல்லை! ருமேனியப் பகரமும் வடமொழிப் பகரமும் ஒரே வேரென்றால் நமக்குச் சதுரம் ‘பதுரம்’ என்றல்லவா வந்திருக்க வேண்டும்? அப்பும் அபவும் ஒரே சந்தையில் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு எதிர்ப்பட்ட அந்நியர்கள்.

உண்மையான கூட்டாளி வேறு இடத்தில் இருக்கிறாள். ருமேனியாவிலிருந்து நெடுந்தொலைவில், கடல் நடுவே, சார்டினியத் தீவில். அங்கே நடுப்பகுதியிலும் வடக்கிலும் தண்ணீர் ‘அப்ப’; பகரத்தைக் கொஞ்சம் கனமாக, ‘டப்பா’வின் நடுவில் ஒலிக்கும் பகரத்தைக் குரலோடு அழுத்துவது போலச் சொல்ல வேண்டும். பெண் குதிரை, நான்கு இரண்டும் அதே உதட்டுப் பாதையில் போயிருக்கின்றன. தீவின் நடுவே ஓர் ஊரின் பெயர் அப்பசாந்தா. புனித நீர் என்று கேட்கிறது. அதன் பக்கத்து ஊரான பவுலிலாத்தினோவில், லத்தீன் தீவில் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே கட்டிய கிணற்றுக் கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே இறங்கும் படிகள், அடியில் இன்றும் தண்ணீர். அதைக் கட்டியவர்கள் அந்த நீரை என்ன சொல்லி அழைத்தார்களோ, அந்தச் சொல் போயே போய்விட்டது.

சொல் போவது என்றால் எப்படிப் போகும்? அதைக் கண்ணால் பார்த்த இடம் ஒன்று உண்டு.

அட்ரியாடிக் கடலில் கிர்க் தீவு. இத்தாலியர்கள் வெல்யா என்பார்கள். இன்று குரோவேசியா, அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு. அந்தக் கரையில் டால்மேஷியன் என்றொரு லத்தீன் பிள்ளை நூற்றாண்டுக் கணக்கில் பேசப்பட்டு, ஊர் ஊராக அடங்கி, கடைசியில் இந்தத் தீவில் வந்து ஒண்டியது. 1897-ல் மத்தேயோ பார்தோலி என்ற இளம் மொழியியலாளர் தீவுக்கு வந்தபோது அந்த மொழி ஒரே ஒருவர் வாயில் மிச்சமிருந்தது.

துவோனே உடைனா. ஊரார் வைத்த பட்டப்பெயர் புர்புர். எழுபதைத் தாண்டிய கிழவர். ஒரு மொழியின் கடைசிச் சாட்சிக்கு என்னென்ன இருக்கக்கூடாதோ அத்தனையும் அவரிடம் இருந்தது. காது சரியாகக் கேட்காது. பல் இல்லை. இந்த மொழி அவரிடம் யாரும் பேசிக் கொடுத்ததும் அல்ல. பெற்றவர்கள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொண்டதைச் சின்ன வயதில் ஒட்டுக்கேட்டுப் பழகியது. பேச ஆள் இல்லாமல் ஏறக்குறைய இருபது ஆண்டு வாய்க்குள்ளேயே கிடந்தது. வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் புரியக்கூடாது என்று பேசுவதைத்தான் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். இது ஒன்று மட்டும் உலகமெங்கும் மாறாத விதி போலிருக்கிறது.

பார்தோலி உட்கார்ந்து கேட்டார். ரொட்டி, வீடு, படகு, மீன். ஏறக்குறைய 2,800 சொற்கள், கதைகள், கிழவரின் வாழ்க்கைத் துணுக்குகள். தண்ணீருக்கு என்ன சொல்வீர்கள் என்ற கேள்வி வந்தபோது கிழவர் சொன்னது ‘யாக்வா’.

ககரம் இருந்தது! வகரமும் இருந்தது. பாரிஸ் தின்றதை, புக்கரெஸ்ட் உதட்டுக்குக் கொடுத்ததை, இந்தத் தீவு அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. முன்னால் மட்டும் ஒரு யகரம் முளைத்திருந்தது.

மறு ஆண்டு 1898, ஜூன் 10. தீவில் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாறையைப் பிளக்க வெடி வைத்த இடத்தில் புர்புர் இருந்தார். வெடித்தது.

பார்தோலியின் இத்தாலியக் கையெழுத்துப் படியும் பிழைக்கவில்லை, தொலைந்துபோனது. 1906-ல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் அச்சான இரண்டு தொகுதிகள்தான் மிச்சம். யாக்வா அதில் இருக்கிறது. முன்னால் நிற்கும் அந்த யகரம் தீவுக்காரர்களின் உச்சரிப்பா, பல் இல்லாத வாயில் தானாக வழுக்கி வந்ததா என்று சரிபார்க்க, இன்னொரு வாயில் கேட்க வேண்டும்.

(முற்றும்)